நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?

காலையில் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் வாசலுக்கு வந்து "போயிட்டு வாங்க" என்று சொல்கிறேன். காதில் விழவில்லையோ என்று தெருமுனை வரை வந்து இன்னொரு தரமும் சொல்கிறேன். அது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. போன வாரம் பெரியவள் கேட்டாள், "ஏம்ப்பா, நீங்க சொல்லாட்டி நாங்க திரும்பி வர மாட்டோமா?" சின்னவன் அதுக்கும் மேலே போய், எதிர்வீட்டு நாயைக் கும்பிட்டு, "போயிட்டு வாங்க நாயாரே" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினான். உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், கோவையாக எழுத வராது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அவர் மலைப் பூங்காவில் வாட்ச்மேனாக இருந்தார். தஞ்சாவூரில் ஏது மலை என்று உங்கள் பூகோள வாத்தியார் கேட்டாராமே, அவர் கேட்டது நியாயம்தான். ஒரு பிடி மண் உயரமில்லாமல் கடல் வரைக்கும் வயலாகப் போகிற பூமி இது. வரப்பை விட உயரமானதெல்லாம் இங்கே மேடு, மேட்டை விட உயரமானது மலை. ராஜா காலத்தில் அகழி வெட்டிய மண்ணைக் கொட்டினதில் வந்த மேடு என்று சிலர் சொல்வார்கள். பீரங்கி ஏற்றி வைக்கத்தான் மண்ணைக் குவித்தார்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. வெள்ளைக்காரன் போன பிறகு நகராட்சி அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டியது. தொட்டியைச் சுற்றிப் பூங்கா வந்தது பிறகுதான்.

ஏறுவதற்குச் சிவப்புப் பூச்சுப் பூசிய படிகள். எத்தனை படி என்று எண்ணிய இரண்டு பேர் ஒரே கணக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. மேலே ரேடியோ அறை, அதன் தலையில் குழாய் ஸ்பீக்கர். தும்பிக்கையில் சறுக்குகிற சிமெண்டு யானை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஒரு சிமெண்டுக் கொக்கு. அதன் வாயிலிருந்து நீர் பீய்ச்சும் என்று பெயர், மந்திரி வருகிற நாளில் மட்டும் பீய்ச்சும். உபயம் போட்ட பெஞ்சுகள். வடக்கே பெரிய கோயில் விமானம் தெரியும். கிழக்கே திரும்பினால் புது ஆற்றைத் தாண்டி வயல். ஆடியில் வெறும் சேறாக இருக்கும், ஐப்பசியில் கரும்பச்சை, தையில் மஞ்சள்.

பூங்காவின் பெயரைக் கேட்டால்தான் கஷ்டம். ஆட்சி மாறும்போதெல்லாம் கீழே வளைவில் இருக்கிற பெயரை அழித்து வேறு ஒருவர் பெயரை எழுதினார்கள். எந்தப் பெயரும் யார் வாயிலும் நுழையவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் "மலைக்குப் போங்க" என்றால்தான் வண்டி நகரும்.

நான் அங்கே வால்வு திறக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். என் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கம்பி. அதைக் குழிக்குள் விட்டுத் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும், மறுபக்கம் திருகினால் நிற்கும். அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் பழைய ஊரில் யாராவது அடையாளம் கண்டு வேறு பேச்சுப் பேசுவார்கள். எல்லாருக்கும் அவர் வாட்ச்மேன், எனக்கு அண்ணன்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பூங்காவை ஏழரைக்குப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டும். அதற்காகவே நகராட்சி அவருக்கு ஒரு விசிலும் கொடுத்திருந்தது. அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டதில்லை. "நேரமாச்சு, போங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு மணிக்கு ரேடியோவை நிறுத்திவிட்டு, பெஞ்சு பெஞ்சாகப் போவார். பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி கேட்பார்:

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

புரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று படி வரைக்கும் வந்து சொல்வார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் செய்தி கேட்க வருவார், வாய்த் துடுக்கு அதிகம். ஒரு நாள் அவர் வேண்டுமென்றே, "நான் நாளைக்கு வர மாட்டேன்யா. இப்ப என்ன பண்ணுவே?" என்றார்.

"அப்ப நாளன்னைக்கு எத்தனை மணிக்குங்க?"

"நாளன்னைக்கும் வரல."

"பரவால்லைங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று இவரும் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு மணி வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவரே எழுந்து, "கொசு கடிக்குதுய்யா, விடு, அஞ்சு மணிக்கு வந்து தொலையிறேன்" என்று போனார்.

ஆடுகளிடமும் இப்படித்தான். வேலிச் சந்து வழியாக ஆடு புகுந்து குரோட்டன்ஸைக் கடிக்கும். தோட்டக்காரர் கல்லெடுப்பார். இவர் அகத்திக் கொப்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்று, "வா, வா, வா" என்று கூப்பிடுவார். ஆடு தானாக வெளியே வரும். "ஆட்டை விரட்டுய்யான்னா விருந்துக்குக் கூப்பிடுறான்" என்று தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்கள் எல்லாரும் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தோம். கீழத்தஞ்சைப் பக்கம் கூலிக்காகப் பெரிய சண்டைகள் நடந்த காலம் அது. மிராசுதார்களின் மனையில் குடிசை போட்டிருந்தவர்கள் சங்கத்தில் சேர்ந்தால், கூரையைப் பிரித்துப் போட்டு விரட்டினார்கள். இவரும் அந்தப் பக்கத்து ஆள். யாரோ "போ" என்று விரட்டியிருக்கிறார்கள், அந்த வலியில்தான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று நினைத்தோம். அதனாலேயே அவர் மேல் எனக்குக் கூடுதல் மரியாதை. கிழக்கிலிருந்து பஸ் வருகிற நேரமெல்லாம் அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் நிற்பார். கீழே ஸ்டாப்பில் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். ஊர் ஞாபகம், பாவம் என்று நான் ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. பெரிய புயல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம் கடல் உள்ளே வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் கிழக்கேயிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். பதினைந்து இருபது குடும்பம் மலையின் கிழக்குச் சரிவில் ஓலையும் சாக்கும் வைத்துக் குடிசை போட்டது. தெரு ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். இவர்தான் இறங்கிப் போய், "வாங்க, வாங்க. குழாய் இந்தப் பக்கம் இருக்கு" என்று காட்டிக் கொடுத்தார். சரிவின் அடியில் ஒரு பொதுக் குழாய் இருந்தது. காலையில் நான் வால்வைத் திறந்ததும் அங்கே குடங்கள் வரிசையாக வந்துவிடும்.

தை பிறந்ததும் நகராட்சி ஓவர்சியர் வந்தார். ஆட்சி மாறியிருந்தது. வளைவில் புதுப் பெயர் எழுதியாகிவிட்டது, திறந்து வைக்க மந்திரி வருகிறார்.

"யோவ் வாட்ச்மேன், சரிவுல இருக்கிறதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள காலியாகணும். நீயே சொல்லிடு. போலீசு கீலீசுன்னு போனா பேப்பர்ல வரும்."

"எங்கங்க போவாங்க?"

"அது உன் வேலையா? போங்கன்னு சொல்றதுதான் உன் வேலை."

அன்று சாயங்காலம் அவர் சரிவில் இறங்கினார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். குடிசை வாசலில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். இத்தனை நாளும் அவரைக் காக்கிச் சட்டையாகத்தான் பார்த்திருக்கிறாள் போல. அன்றைக்கு அவர் சட்டையில்லாமல் துண்டு மட்டும் போட்டிருந்தார். தோளில் ஒரு அரிவாள் தழும்பு உண்டு. அதைப் பார்த்தவள் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

"நீ எங்க ஊரு தலையாரிதானே?"

தலையாரி என்றால் உங்களுக்குத் தெரியாது. மிராசுதாருக்காக வயலையும் வேலை செய்கிற ஆட்களையும் மேய்க்கிறவன். யார் வேலைக்கு வரவில்லை, யார் சங்கத்துக்குப் போனான் என்று பார்த்துச் சொல்கிறவன். கூரையைப் பிரிக்கச் சொன்னால் முதல் கீற்றில் கை வைக்கிறவன்.

அவர் துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தம்பி, இவரு கூடப்பொறந்த தங்கச்சி வீட்டையே பிரிச்சவரு. அது புருசன் சங்கத்துல சேந்து அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டுச்சு. அந்தக் குத்தத்துக்கு. அந்தப் புள்ள ஒத்த வார்த்த திட்டல. மூட்டையத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு, பொறந்தவனப் பாத்து, 'வரேண்ணே'ன்னுச்சு. நாம சொல்றதில்லையா, அந்தப் பழக்கத்துல சொல்லிடுச்சு. மிராசுதாரு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? கேளுங்க, அவரையே கேளுங்க."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"வராத, போன்னேன்."

பிறகு அந்த அம்மா சொன்னாள், "நாலு மாசத்துல சட்டம் வந்துச்சு. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கேன்னு. நாங்க எல்லாம் பட்டா வாங்குனோம், புயல் வந்து கொண்டுபோற வரைக்கும் அதுல இருந்தோம். அது பேரு பட்டியல்ல இல்ல. நாலு மாசம் தாங்கியிருந்தா அதுக்கும் ஒரு குழி மனை இருந்திருக்கும்."

"எங்க இருக்கு அது?" என்று அவர் கேட்டார். "எட்டு வருசமா தேடுறேன். பண்ணைய அந்த அறுப்போட விட்டுட்டேன். கெழக்க இருந்து எந்த பஸ்ஸு வந்தாலும் பாக்குறேன்."

"கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துல கெடக்குது. பொழச்சுக் கெடக்குதுன்னுதான் கேள்வி."

திரும்பி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். போன காரியத்தை இரண்டு பேருமே சொல்லவில்லை. எனக்கும் அவர் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை. இத்தனை நாள் வைத்திருந்த மரியாதையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஓவர்சியர் வந்து பார்த்தார். ஒரு ஓலை கூட நகரவில்லை. அண்ணனைச் சரிவுக்கே இழுத்துக்கொண்டு போனார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

"இப்ப என் கண்ணு முன்னால சொல்லு. ஒத்த வார்த்தைதானேய்யா. போங்கன்னு சொல்லு."

அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். இடுப்பிலிருந்து கேட் சாவியை எடுத்தார். இரண்டையும் குழாய் மேடையில் வைத்தார்.

"நான் போறேங்க" என்றார்.

அப்படிச் சொல்லி யாராவது கிளம்புவார்களா? சாவு வீட்டில் கூட 'போறேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் நழுவித்தான் வருவோம். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, போறேன்னு சொல்லாதீங்கண்ணே. வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

"இங்க திரும்பி வர்ற எண்ணம் இல்ல தம்பி. இல்லாத ஒண்ண எதுக்குச் சொல்லணும்?" என்றார். கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினார். நான் பார்த்தது அதுதான் கடைசி.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நேற்று பேனாவை மூடி வைத்தேன். ஆனால் அவர் பாவத்தை எழுதிவிட்டு என் பாவத்தை எழுதாமல் விட்டால் அது சரியில்லை.

அவர் போனதும் ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "இந்தக் குழாய்க்கு வால்வு உன் கையிலதானே? நாளையிலேருந்து மூடிடு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தன்னால போயிடுவாங்க."

பெரியவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இதெல்லாம் காரணம்தான். மிராசுதார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அண்ணனுக்கு ஒரு காரணம்தான். நான் இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகினேன். யாரிடமும் "போ" என்று நான் சொல்லவில்லை.

முதல் நாள் காலை குடங்கள் வழக்கம்போல வரிசையாக வந்தன. குழாய் காற்றை மட்டும் ஊதியது. எப்போது வருமோ என்று குடத்தை எடுத்துக்கொண்டு, அதது இருந்த இடத்தில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அந்தக் கற்கள் வரிசை கலையாமல் இருந்தன. மூன்றாம் நாள் மூட்டை கட்டினார்கள். நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், கையில் அந்தச் சாவி. அந்த அம்மா தலைச்சுமையோடு என்னைக் கடந்தாள். நின்றாள். சாவியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"வரோம் தம்பி" என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் நடந்து திருப்பத்தில் மறைகிற வரைக்கும் என் வாயில் ஒரு சொல் வரவில்லை. மந்திரி வந்தார். கொக்கு நீர் பீய்ச்சியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம். சாயங்காலம் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ படியேறி வந்தார்கள். அதே அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் மகனைச் சேர்த்திருக்கிறாளாம். "அவரு இருந்த எடத்த ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள்.

சரிவிலிருந்து கிளம்பிய இவர்களும் அந்த உப்பளத்துக்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர் தங்கச்சியைக் கண்டுபிடித்துவிட்டார். அவள் பேசவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை, விரட்டவுமில்லை. அவரும் அதே உப்பளத்தில் பாத்தி வேலைக்குச் சேர்ந்து, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஓலைச் சார்ப்பு போட்டுக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் அவள் குடிசை வாசலுக்குப் போய் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "வரேன் தங்கச்சி" என்று சொல்வார். அவள் உலையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். இவர் போய்விடுவார். மறுநாளும் போவார். ஆறு மாதம் இப்படியே. பதில் சொல்லாமல் அனுப்பினால் மறுநாள் எப்படியும் வந்துவிடுகிறானே என்றுதான் அவள் சொல்லவில்லையோ என்னவோ, யார் கண்டது. ஒரு நாள் அவர் வரவில்லை. காய்ச்சல். மூன்று நாளில் முடிந்துவிட்டது.

"தூக்குற நேரத்துலதான் அது வெளிய வந்துச்சு தம்பி. அழுவல. பாடைக்குக் கிட்ட வந்து, கட்டியிருந்த காலைப் புடிச்சிக்கிட்டு, 'போயிட்டு வாண்ணே'ன்னுச்சு. பொம்பளைங்கல்லாம் பதறிப்போயி அது வாயப் பொத்துறாங்க. செத்தவனப் போயி வான்னு யாராச்சும் சொல்லுவாங்களாடி, வீட்டுக்கு ஆவாதுடின்னு. கைய எல்லாம் தட்டிவிட்டுட்டு, 'நான் பதில் சொல்ற நாளு ஒண்ணு பாக்கி இருக்கு, விடுங்கடி'ன்னு இன்னொரு தரம் சொல்லுச்சு."

கிழக்கே வயல் முழுக்க அறுத்த தாள். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "வரேன் தம்பி" என்று படியிறங்கினாள்.

"போயிட்டு வாங்கக்கா" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. அவள் பாதிப் படி இறங்கிவிட்டாள். காதில் விழுந்ததோ இல்லையோ. எழுந்து ஓடினேன். கேட்டுக்கு வெளியே பிடித்து, மூச்சு வாங்க நின்று, "போயிட்டு வாங்கக்கா" என்று இன்னொரு தரம் சொன்னேன்.

"கேட்டுச்சு தம்பி. மொதல்லயே கேட்டுச்சு" என்றாள். நாலு எட்டு நடந்தவள் சரிவின் அடியிலிருந்த அந்தக் குழாயைப் பார்த்து நின்றாள்.

"இதுல இப்ப தண்ணி வருதா?"

"வருதுக்கா."

குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி, வயிறு நிறையக் குடித்தாள். முகத்தைக் கழுவினாள். குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள்.